சைகோனில் கடைசி ஐந்து நாள்: கான் தோ போய் வரலாமா, பேசாமல் ஒரே இடத்தில் கிடக்கலாமா?

மூட்டைக்காரி (9 பிப்ரவரி 2026, இரவு 9:40)

வணக்கம் மக்களே. ஜனவரி 4 ஹனோயில் இறங்கியவள், இன்றோடு 37 நாள். ஹா ஜியாங், நின் பின், ஹுவே, ஹோய் ஆன் என்று வியட்நாமை மேலிருந்து கீழாக இறங்கி, இப்போது தா லாட்டில் ஒரு ஹாஸ்டல் மாடியில் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன். ஊர் மதுரை. தனியாகத்தான் வந்தேன், முதல் வெளிநாட்டுப் பயணம்.

விஷயம் இதுதான். எனக்கு அலுத்துவிட்டது. ஹோய் ஆனில் ஆற்றங்கரை முழுக்க காகித விளக்கு எரிகிறது, பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிறார்கள், எனக்கு "சரி, இன்னொரு விளக்கு" என்று தோன்றுகிறது. பஸ், பை, புது ஹாஸ்டல், மேல் பெர்த், யாரோ ஒருவருடைய குறட்டை, மறுபடியும் பஸ். அதற்காக வீட்டுக்குப் போகும் ஆசை வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, 16ஆம் தேதி திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இரண்டுங்கெட்டான் நிலைமை.

இப்போதைய திட்டம்: நாளை 10ஆம் தேதி தா லாட்டிலிருந்து சைகோனுக்கு பஸ். 11 காலையில் மெகாங் ஆற்றுப் பக்கம் கான் தோ, 12 விடியற்காலை காய் ராங் மிதக்கும் சந்தை, அங்கேயே இன்னொரு இரவு, 13 சாயங்காலம் சைகோன் திரும்புவது. 14 முழு நாளும் சைகோனில் கடை கண்ணி, போர் எச்சங்கள் அருங்காட்சியகம், ராத்திரி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு விமான நிலையம். சென்னைக்கு ஒரு இடத்தில் மாறிப் போகும் விமானம், 14ஆம் தேதி 00:35. விசாவும் 14 வரைதான், டிக்கெட்டைப் பார்த்து அதே தேதியைப் போட்டுக் கேட்டேன்.

கேள்விகள். கான் தோ போகாமல் திரும்பினால் பின்னால் வருத்தப்படுவேனா? "மெகாங் பார்க்காமலா வந்தாய்" என்று எல்லோரும் கேட்பார்கள் என்பதற்காகத்தான் திட்டத்தில் வைத்திருக்கிறேன், உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுத்து, டிக்கெட்டில் கைப்பை 7 கிலோ மட்டும். என் பை இன்று 10.2 காட்டியது. அதில் ஹா ஜியாங்கில் மழையில் நனைந்த பூட்ஸ் மட்டும் ஒன்றேகால் கிலோ, இன்னும் காயவில்லை, நாற்றம் வேறு. அம்மா காபித்தூள் கேட்கிறார், அத்தை "ஏதாவது" கேட்கிறார், ஆபீசில் 11 பேர். கையில் 32 லட்சம் டாங் இருக்கிறது. எண்ணும்போது ஜமீன்தாரிணி மாதிரி இருக்கும், நம் பணத்தில் பதினோராயிரம் சொச்சம். மிஞ்சினால் ஊரில் மாற்ற முடியுமா?

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


கத்தரிவெயில் (9 பிப்ரவரி, இரவு 10:05)

சகோ, யோசிக்கவே வேண்டாம், கான் தோ போங்கள். நான் 2019இல் போனேன். சைகோன் மியன் தாய் பஸ் நிலையத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். காலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் படகில் ஏறிவிட வேண்டும், எட்டு மணிக்குப் பிறகு போனால் ஆறு மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு படகிலும் ஒரு உயரமான கம்பு நட்டு, விற்கிற பொருளையே நுனியில் கட்டித் தொங்கவிடுவார்கள். அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு, பூசணி தொங்கினால் பூசணிப் படகு. போர்டு எழுதுகிற செலவே இல்லை. படகிலேயே நூடுல்ஸ் கொதிக்க வைத்து இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்கு நீட்டுவார்கள், அந்த ஒரு கிண்ணத்துக்காகவே போகலாம்.

முன்பு மாதிரி கூட்டம் கிடையாது, பாலமும் ரோடும் வந்த பிறகு பாதி வியாபாரம் கரையேறிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அலுப்பெல்லாம் வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போய்விடும்.


திருப்பூர்_டு_சைகோன் (9 பிப்ரவரி, இரவு 11:20)

ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், துணி ஏற்றுமதி வேலை. தம்பி கத்தரிவெயில் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் போன மாதம் வேறு. இந்த வருடம் டெட், அதாவது இவர்களுடைய புத்தாண்டு, பிப்ரவரி 17. தங்கச்சி, நீங்கள் போட்டிருக்கிற தேதிகளைப் பாருங்கள், சரியாக ஊரே மூட்டை கட்டுகிற வாரம். தீபாவளிக்கு முந்தைய நாள் சென்னையில் பஸ் ஏறியது உண்டா? அதேதான், கூடவே ஒரு கோடி ஸ்கூட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கூட்டம் ஒரே திசையில்தான் ஓடும். சைகோனில் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பகுதி வெளியூர், எல்லோரும் சைகோனை விட்டு வெளியே போகிறார்கள். அதனால் தா லாட்டிலிருந்து சைகோனுக்கு வர உங்களுக்கு இடம் கிடைக்கும், எதிர்த் திசையில் நிரம்பி வழிந்த பஸ் காலியாகத் திரும்பி வருகிறது. ஆனாலும் டெட் கட்டணம் என்று கொஞ்சம் கூட வாங்குவார்கள், சண்டை போட வேண்டாம், எல்லோருக்கும் அதுதான். இன்றிரவே சீட் போட்டுவிடுங்கள். 300 கிலோமீட்டர், மலை இறக்கம், ஏழெட்டு மணி நேரம். பஸ் புதிய மியன் டோங் நிலையத்தில் நின்றால் டாக்சி பிடிக்காதீர்கள், பக்கத்திலேயே மெட்ரோ முதல் வழித்தடத்தின் கடைசி நிலையம், நேராக நகர நடுவில் இருக்கிற பென் தான் வரை வரலாம், 20 ஆயிரம் டாங்குக்கு மேல் ஆகாது. 2024 டிசம்பரில்தான் திறந்தார்கள், இந்த ஊர்க்காரர்களுக்கே இன்னும் புதுசு.

சிக்கல் கான் தோவில்தான். மியன் தாய் என்றாலே மேற்கு, அதாவது மெகாங் பக்கம். அந்த நிலையம் இந்த வாரம் எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. போவதற்கு சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம், ரோட்டில் நாலு மணி நேரம் ஏழாகவும் ஆகும். அப்படிப் போய் நிற்கிற ஊரிலும் ஆட்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில் இருப்பார்கள்.

இதைவிட நல்ல விஷயம் ஒன்று சொல்கிறேன். இந்த வாரம் நீங்கள் மெகாங்குக்குப் போக வேண்டாம், மெகாங்கே சைகோனுக்கு வருகிறது. பழைய எட்டாவது மாவட்டத்தில் பின் டோங் படகுத்துறை. (மாவட்டம் என்கிற அடுக்கையே 2025 ஜூலையில் அரசு எடுத்துவிட்டது, ஆனால் நாங்கள் யாரும் வாயை மாற்றவில்லை, நீங்களும் அப்படியே கேளுங்கள்.) டெட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்து பென் த்ரே, சா டெக் பக்கத்திலிருந்து படகு படகாகப் பூச்செடி வந்து கால்வாயில் நிற்கும். மஞ்சள் பூ பூக்கிற மாய் மரம், காய்த்துக் குலுங்குகிற குட்டி ஆரஞ்சு, அப்புறம் நம்ம செண்டுமல்லி, தொட்டி தொட்டியாக. பென் தானிலிருந்து அரை மணி நேரத்தில் போகலாம். காலை ஏழு மணிக்குள் அல்லது வெயில் சாய்ந்த பிறகு போங்கள். வியாபாரம் சுற்றுலாக்காரர்களுக்கு இல்லை, வீட்டுக்கு வாங்க வருகிறவர்களுக்கு. அதனால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

காய் ராங் அடுத்த முறைக்கு இருக்கட்டும். கேட்கிறவர்களிடம் மெகாங் படகைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

பணம் பற்றி. டாங்கை ஊருக்குக் கொண்டு போகாதீர்கள், சென்னையில் வாங்க ஆள் தேடித் திரிய வேண்டும். பெரும்பாலும் செலவழித்துவிடுங்கள், மிச்சத்தை விமான நிலைய வங்கிக் கவுண்டரில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி டாலராக மாற்றுங்கள். இன்னொன்று, 37 நாள் இருந்தவருக்குச் சொல்லத் தேவையில்லைதான், இருந்தாலும்: 20 ஆயிரமும் 5 லட்சமும் இரண்டுமே நீலம். கடைசி நாள் அவசரத்தில் இளநீர்க்காரருக்கு 5 லட்சத்தை நீட்டியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன். ரோட்டோரம் நின்று போனைப் பார்க்காதீர்கள், பைக்கில் வந்து பிடுங்குவது டெட் நேரத்தில் அதிகம். சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள்.

நேரம் இருந்தால் பென் தான் சந்தைக்குப் பின்னால் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். நம்ம ஆட்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, இப்போது வருகிறவர்களில் தமிழர் அபூர்வம், முக்கால்வாசி வியட்நாம்காரர்களும் சீனர்களும். வேண்டுதலைச் சொல்ல கர்ப்பகிரகத்தின் பின்சுவரில் நெற்றியை வைத்துக் காதோடு பேசுகிற மாதிரி பேசுவார்கள். அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினால் பரிசுப் பட்டியலில் பாதி குறையும்.


நாடோடி_அக்கா (10 பிப்ரவரி, காலை 5:50)

எல்லாம் படித்தேன். திருப்பூர்த் தம்பி நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லையே!

கண்ணு, உன் விமானம் "14ஆம் தேதி 00:35" என்று எழுதியிருக்கிறாய். அது 14 ராத்திரி கிடையாது. 13 ராத்திரி. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு அடித்து முப்பத்தைந்து நிமிஷத்தில் விமானம் கிளம்பிவிடும். 14 முழு நாளும் சைகோனில் சுற்றிவிட்டு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனால், நீ போகிற நேரத்தில் அந்த விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். விசாவும் 14 வரைதான் என்கிறாய். பன்னிரண்டு மணி தாண்டினால் அதுவும் முடிந்தது, அபராதம் தனி.

டிக்கெட்டை எடுத்து இப்போதே பார். எனக்குத் தப்பாகப் பட்டிருந்தால் சந்தோஷம்.

இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், 2016இல் பாங்காக்கில் நானே செய்தேன். 00:50. ஒரு நாள் முழுக்க படகில் சுற்றி, மசாஜ் எல்லாம் செய்துகொண்டு, தலை குளித்து, மல்லிகைச்சரம் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பதரைக்குக் கவுண்டரில் போய் நின்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "மேடம், இது நேற்று" என்றாள். அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. புது டிக்கெட்டுக்கு வளையலை விற்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் இன்று வரை விமானம் தாமதம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அவர் இங்கெல்லாம் வந்து படிப்பவர் இல்லை. அன்றிலிருந்து நடுராத்திரி டிக்கெட் எடுத்தால் காலண்டரில் முந்தைய நாளில்தான் வட்டம் போடுவேன்.

இப்போது மூட்டை. 7 கிலோவோடு மல்லுக்கட்டாதே, ஆன்லைனில் செக்-இன் பை இன்றே வாங்கிவிடு, கவுண்டரில் கேட்டால் அதே எடைக்குக் காசு பல மடங்கு. பூட்ஸை விட்டுவிடு. ஈரப் பூட்ஸ் எங்கும் காயாது, உன் மற்ற துணிகளையும் கெடுக்கும். ஹாஸ்டலில் யாராவது வடக்கே போகிறவர்கள் இருப்பார்கள், எழுதி வைத்துவிட்டு வா. ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள், விமானத்தில் குளிரும். கடைசித் துணி துவைப்பதை 11ஆம் தேதியே முடி. டெட் நெருங்க நெருங்க லாண்டரிக் கடைக்காரரும் ஊருக்குப் போய்விடுவார், உன் துணி உள்ளே பூட்டிக் கிடக்கும். ஈரத்துணி எடையும் கூட.

காபித்தூள் அம்மாவுக்கு அரைத்தது வாங்காதே. இங்கே அந்தக் குட்டித் தகர வடிகட்டிக்காக, ஃபின் என்பார்கள், பரபரவென்று அரைத்திருப்பார்கள். நம் வீட்டு ஃபில்டரில் போட்டால் தண்ணீர் சரசரவென்று இறங்கி, கடுங்காபி கூட இல்லாமல் கஷாயமாக வரும். கொட்டையாக வாங்கு, மிக்சியில் அரைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஃபின்னையும் சேர்த்து வாங்கிக்கொடு, எடையே கிடையாது. இந்த நாட்டில் விளைவது பெரும்பாலும் ரோபஸ்டா, கசப்பு தூக்கலாக இருக்கும், அதனால்தான் அடியில் மில்க்மெய்டை ஊற்றுகிறார்கள். ஆனால் நீ இப்போது தா லாட்டில் இருக்கிறாய், பக்கத்தில் காவ் தத்தில் அரபிகா விளைகிறது, அங்கேயே வாங்கு. புனுகுப்பூனைக் காபி என்று சந்தையில் மலிவாக நீட்டினால் திரும்பிப் பார்க்காதே, மலிவாக இருந்தாலே அது பூனை பார்க்காத காபி.

ஆபீஸ் பதினொரு பேருக்கு பென் த்ரே தேங்காய் மிட்டாய் இரண்டு பாக்கெட், பங்கு போட்டுக்கொள்ளட்டும். அத்தைக்குக் கூனைப்பூ (ஆர்டிசோக்) டீ, தா லாட் சரக்கு, பஞ்சு மாதிரி எடை. முந்திரி வாங்கிக்கொண்டு போகாதே, பண்ருட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். மீன் சாஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம், பல விமானங்களில் பெரிய பையில் கூட விடமாட்டார்கள், உடைந்தால் உன்னையே விடமாட்டார்கள். பாம்பும் தேளும் ஊறிய மது பாட்டிலை வேடிக்கைக்காகக் கூட வாங்காதே, அந்தப் பாம்பு நல்லபாம்பாக இருந்தால் கஸ்டம்ஸில் வேடிக்கை வேறு மாதிரி போகும்.

அலுப்பு பற்றிக் கேட்டாய். அது எல்லோருக்கும் வரும், ஐந்தாவது வாரத்தில் சரியாக வரும். எனக்கு அதற்கு மருந்து, ஒரே தெருவில் ஒரே கடையில் மூன்று நாள் தொடர்ந்து காலைச் சாப்பாடு. மூன்றாம் நாள் அந்த அம்மா கேட்காமலேயே தட்டை வைப்பாள்.


மூட்டைக்காரி (10 பிப்ரவரி, காலை 6:35)

அக்கா!!!

பார்த்தேன். 14 பிப்ரவரி, சனி, 00:35. எழுதியதே நான், அதைப் படித்துப் பார்த்தது அக்கா. கை நடுங்குகிறது. 13, 14 இரண்டு இரவுக்கும் சைகோன் ஹாஸ்டல் போட்டு வைத்திருந்தேன், 14 இரவு எதற்கு என்று கூட யோசிக்கவில்லை, "ராத்திரி வரைக்கும் பை வைக்க இடம் வேண்டுமே" என்று நினைத்தேன். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று சொல்லி, அவர் கறி எடுக்க ஆள் வேறு சொல்லிவிட்டார்.

இப்போது 14இன் இரவை ரத்து செய்தாயிற்று, பாதிப் பணம் போச்சு, பரவாயில்லை. கான் தோ கதை முடிந்தது. உண்மையில், முடிந்தது என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணி பஸ்சில் சீட் கிடைத்தது. அண்ணா சொன்ன மாதிரியே பாதி காலி.


திருப்பூர்_டு_சைகோன் (10 பிப்ரவரி, காலை 8:10)

அக்காவுக்கு ஒரு கும்பிடு. நானும் படித்துவிட்டு பஸ் நிலையம், படகு என்று பக்கம் பக்கமாக எழுதினேனே தவிர, தலையாய விஷயம் கண்ணில் படவில்லை.

சரி, 13ஐ மட்டும் திட்டமாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு ஆபீஸ் எல்லாம் மூடி எல்லோரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வருவார்கள். உங்கள் ஹாஸ்டல் புய் வியன் பக்கம் என்றால் விமான நிலையம் ஏழெட்டு கிலோமீட்டர்தான், மற்ற நாளில் அரை மணி, முக்கால் மணி. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். போன் ஆப்பில் போடுகிற கிராப் கார் கிடைக்கவே நேரம் பிடிக்கும். ஏழரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு வாசல், உள்ளே வரிசையில் இரண்டு மணி நேரம் போகும். இறங்கும் இடத்தில் பன்னாட்டு முனையம், அதாவது டி2 என்று பார்த்துப் போடுங்கள். டி3 புதுசு, உள்நாட்டுக்கு, அங்கே போய் இறங்கிவிடாதீர்கள்.

இன்று தா லாட்டில் கிளம்பும் முன் ஹாஸ்டல் அம்மாவின் அடுப்படியை எட்டிப் பார்த்தீர்களா? இன்று அவர்கள் சந்திரக் கணக்கில் கடைசி மாதம் 23. அடுப்புத் தெய்வம் வானத்துக்குப் போய் வீட்டு நடப்பை மேலே சொல்லும் நாள். வாயை இனிப்பாக்கி அனுப்பினால் நல்லதாகச் சொல்லுமாம், அதற்கு ஒரு மிட்டாய் படைப்பார்கள்.


மூட்டைக்காரி (13 பிப்ரவரி, இரவு 10:50)

கேட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாற்காலி ஒன்றும் காலி இல்லை. முதலில் முக்கியமானது: விமானம் சரியான நேரம் என்று போட்டிருக்கிறது, நான் சரியான நாளில் இருக்கிறேன்.

அண்ணா, அந்த மிட்டாய் எனக்குக் கிடைத்தது! பஸ் ஏறப் போகும்போது ஹாஸ்டல் அம்மா ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் கடலை மிட்டாயும் எள்ளு மிட்டாயும். கோவில்பட்டியில் வாங்கி அனுப்பிய மாதிரி. வழியெல்லாம் அதைத்தான் தின்றுகொண்டு வந்தேன், அதனால் சாமி போய் என்ன சொன்னதோ தெரியாது.

11 ஒன்றும் செய்யவில்லை. துணி போட்டேன், தூங்கினேன், ஹாஸ்டல் சந்துக்குள் ஒரு அம்மாவிடம் உடைந்த அரிசிச் சோறு சாப்பிட்டேன். 12, 13 இரண்டு நாளும் அதே கடை. இன்று காலை அவர் தட்டு வைக்கவில்லை அக்கா, கடையையே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், ஊருக்குக் கிளம்புகிறாராம். பாத்திரத்தில் மிச்சம் இருந்ததை வழித்து ஒரு தட்டு போட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் 20 ஆயிரத்தை ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். 20 ஆயிரம்தான், இரண்டு முறை பார்த்தேன்.

12 காலை ஆறரைக்கு பின் டோங். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படகின் மூக்கு சிவப்பு, அதில் இரண்டு பெரிய கண் வரைந்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் செண்டுமல்லி. படகிலிருந்து கரைக்கு ஒரே ஒரு பலகை. அதில் ஒரு பையன் இரண்டு கையிலும் தொட்டியோடு வெறுங்காலில் நடந்து வருகிறான், பலகை வளைகிறது, அவன் பார்ப்பது காலை அல்ல, கரையில் விலை பேசிக்கொண்டிருக்கிற அவன் அப்பாவை. ஒரு மாய் மரத்தில் இலையே இல்லை, மொட்டு மட்டும். கேட்டேன், ஒருவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: டெட்டுக்குப் பூக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து, வாரக்கணக்கில் முன்னாலேயே இலை முழுவதையும் கையால் உருவிவிடுவார்களாம். முன்னால் உருவினால் முன்னால் பூத்துவிடும், பிந்தினால் பிந்தும். ஒரு நாள் தப்பினால் மரம் விற்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சின்னத் தொட்டி செண்டுமல்லி வாங்கினேன். விமானத்தில் எடுத்துப் போக முடியாது என்று தெரிந்தேதான். இங்கே அதன் பெயர் வான் தோ, பல்லாண்டு என்கிற அர்த்தமாம். ஹாஸ்டல் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாரியம்மன் கோயில் போனேன், பின்சுவரில் ஒரு வியட்நாம் பாட்டி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார், அவர் முடிக்கிற வரைக்கும் வரிசையில் நின்றேன். அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு "அங்கேயும் இருக்காளா" என்றார், அவ்வளவுதான், காபியை விட்டுக்கொடுக்கவில்லை. போர் அருங்காட்சியகம் போகவில்லை. காவ் தத் கொட்டை ஒரு கிலோ, ஃபின் இரண்டு, டீ, மிட்டாய் எல்லாம் சேர்த்து பெரிய பை 12.6 கிலோ, 20 கிலோ ஆன்லைனில் வாங்கியிருந்ததால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

விமான நிலையத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. வருகை வாசலைத் தாண்டித்தான் கார் போனது. அண்ணா, இதை நீங்கள் சொல்லவே இல்லையே! வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போக குடும்பம் குடும்பமாக வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் தூங்குகின்றன, ஒரு தாத்தா கோட் சூட் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் பூங்கொத்தோடு உட்கார்ந்தபடியே உறங்குகிறார். எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.

4 லட்சம் டாங் மிஞ்சியது, மாற்றவில்லை. 3 லட்சத்துக்கு இங்கே ஒரு நூடுல்ஸ் சாப்பிட்டேன், விமான நிலைய விலை, திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு லட்சம் பர்சில் இருக்கட்டும். சனிக்கிழமை மதியம் சென்னை, ராத்திரி பாண்டியனில் ஏறினால் அம்மாவிடம் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே மதுரை. கறிக்காரருக்கு மாற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்குத் தனியாக.


நாடோடி_அக்கா (13 பிப்ரவரி, இரவு 11:02)

நல்லபடியாகப் போய்ச் சேர். கேட்டிலேயே தூங்கிவிடாதே, அதற்கும் என்னிடம் ஒரு கதை இருக்கிறது.


கத்தரிவெயில் (13 பிப்ரவரி, இரவு 11:15)

சகோ, ஏறுவதற்கு முன் ஒன்றே ஒன்று. அந்தப் பூட்ஸை எந்த ஹாஸ்டலில் விட்டீர்கள்? மார்ச்சில் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஹா ஜியாங் போகிறேன். அவளுக்கு 6ஆம் நம்பர்.


மூட்டைக்காரி (13 பிப்ரவரி, இரவு 11:19)

தா லாட்டிலேயே, மாடிப்படிக்கு அடியில் நீல அலமாரி. 6தான். காய்ந்துவிட்டதா என்று மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு எடுங்கள்.